‘தனி ஆணையம் அமைக்கப்படும்’: அதற்கு எவ்வளவு ஆகும் என்று நாமே கணக்குப் போடுவது எப்படி?

சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை (ஒரு துறை தன் ஆண்டுச் செலவுக்குப் பணம் கேட்பது) விவாதம் முடிந்து அமைச்சர் பதிலுரைக்கு எழுந்தால் அறிவிப்புகள் வரிசையாக வரும். தனி ஆணையம் அமைக்கப்படும், தனி வாரியம் உருவாக்கப்படும், புதிய இயக்ககம் தோற்றுவிக்கப்படும். மேசையைத் தட்டுவார்கள். மறுநாள் பத்திரிகையில் அறிவிப்பு இருக்கும், செலவு இருக்காது. இருந்தாலும் ஒரே ஒரு எண்தான் இருக்கும். எதைச் சேர்த்து எதை விட்டுப் போட்ட எண் என்று யாருக்கும் தெரியாது.

நான் அரசு அலுவலகக் கணக்குப் பிரிவுகளில் பல வருடம் கழித்தவன். புதிதாகத் தொடங்கிய ஒரு வாரியத்தில் ஆரம்ப நாட்களில் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புதிய அமைப்பின் செலவைக் கணக்கிட பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஐந்தாறு ஆவணங்களை எங்கே தேடுவது, எந்த வரியில் ஏமாறக்கூடாது என்று தெரிந்தால் போதும். செய்தியாளர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சங்கத்தில் இருப்பவர்கள் என யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

உதாரணத்துக்கு, மத்திய அரசில் ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக்பாலைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். பிடித்த அமைப்பு, பிடிக்காத அமைப்பு என்பதெல்லாம் இல்லை. சட்டம், மதிப்பீடு, வாடகை, பட்ஜெட் நான்கும் பொதுவெளியில் கிடைக்கிற அமைப்பு அது.

படி 1: பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது?

எண்ணைத் தேடுவதற்கு முன்னால், அமைப்பு என்ன வகை என்று பாருங்கள். சட்டம் இயற்றி உருவானதா, வெறும் அரசாணையில் உருவானதா, சங்கமாகப் பதிவானதா, கம்பெனியா? வகையைப் பொறுத்துப் பணம் வரும் வழி மாறும், நாம் தேட வேண்டிய புத்தகமும் மாறும்.

லோக்பாலின் நிர்வாகச் செலவு, மத்திய அரசின் பொதுக் கஜானாவான இந்தியத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாட்டப்பட்டது. நாடாளுமன்றத்தில் அதைப் பற்றிப் பேசலாம், வாக்கெடுப்பு கிடையாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அப்படி இல்லை. பங்குச் சந்தையில் இயங்குபவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் ஓடுகிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களும் உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கட்டணம் சுற்றி வளைத்து நம் மின்கட்டணத்தில்தான் வந்து உட்காரும். ‘அரசுக்குச் செலவே இல்லை’ என்று ஒரு அமைப்பைப் பற்றிச் சொன்னால், பிறகு யாருக்குச் செலவு என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பம். அமைப்பு *வழியாகப் போகும்* பணத்தையும் அமைப்பை *நடத்தும்* பணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் வந்தபோது ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது. அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்ற எதிர்பார்ப்பு. மீதமுள்ள அரசுப் பணத்திலும் பெரும்பகுதி ஆராய்ச்சியாளர்களுக்குப் போகிற மானியம். அந்த அமைப்பை நடத்த என்ன ஆகும் என்பது முற்றிலும் வேறு கணக்கு. நாம் தேடுவது அந்த இரண்டாவது கணக்கை.

படி 2: மசோதாவின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள்

அரசியலமைப்பின் 117(3) பிரிவுப்படி, தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் நிறைவேற்ற முடியாது. மாநிலங்களுக்கு அதே வேலையை 207(3) செய்கிறது, பரிந்துரை ஆளுநருடையது. அதோடு, மக்களவை நடைமுறை விதி 69-ன்படி அப்படிப்பட்ட மசோதாவுடன் ஒரு நிதிக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். எந்தெந்த உட்பிரிவு செலவு வைக்கும், ஆண்டுதோறும் வரும் தொடர் செலவினம் எவ்வளவு, ஒருமுறை மட்டும் வரும் தொடராச் செலவினம் எவ்வளவு என்று அதில் சொல்ல வேண்டும். மசோதா அச்சில் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பெரும்பாலும் யாரும் அதுவரை புரட்டுவதில்லை.

2011-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த லோக்பால் மசோதாவின் நிதிக் குறிப்பு, துல்லியமான விவரம் இப்போது தர இயலாது என்று தொடங்கி மூன்று எண்களைத் தந்தது. தொடராச் செலவு 50 கோடி, ஆண்டுதோறும் தொடர் செலவு 100 கோடி, கட்டடம் கட்ட வேண்டியிருந்தால் கூடுதலாக 400 கோடி. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதுபோன்ற குறிப்புகளில் இரண்டு வாசகங்களைக் கண்டால் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ஒன்று, ‘தற்போதுள்ள பணியாளர்களைக் கொண்டே நிறைவேற்றப்படும்’. இரண்டு, ‘இந்த நிலையில் மதிப்பிட இயலாது’. முதலாவதன் உண்மையான பொருள், செலவு வேறொரு துறையின் கணக்கில் விழும் என்பது. இரண்டாவதன் பொருள், பணியிடப் பட்டியல் இன்னும் தயாராகவில்லை என்பது.

அரசாணையில் மட்டும் உருவாகும் அமைப்புக்கு இந்தக் குறிப்பும் கிடையாது. அங்கே அரசாணையே எல்லாம். மத்திய அரசில் புதிய தன்னாட்சி அமைப்பு தொடங்க, 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 229-ம் விதி அமைச்சரவை ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. இந்த வேலை தேவைதானா, இருக்கிற அமைப்பே செய்ய முடியாதா என்று ஆராய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ஆராய்ச்சியின் நகலைக் கேட்டு வாங்க முடிந்தால் அதுவே ஒரு நல்ல செய்தி.

படி 3: பணியிடப் பட்டியல்

இதுதான் கணக்கின் இதயம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமைப்பு அறிவிக்கப்பட்டு சில மாதங்களில் பணியிடங்கள் தோற்றுவிக்கும் அரசாணை வரும். எத்தனை பேர், என்ன பதவி, எந்த ஊதிய நிலை, எவ்வளவு காலத்துக்கு, நிரந்தரமா, அயற்பணியா (வேறு துறையிலிருந்து கடனாக வருவது), வெளிமுகமையா (ஒப்பந்த நிறுவனம் வழியாக எடுப்பது) என்று அதில் இருக்கும். அது கைக்கு வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

தலைவர், உறுப்பினர் சம்பளத்தில்தான் எல்லோருக்கும் கண் போகும். அதைக் கணக்கிடுவது எளிது. லோக்பால் சட்டப்படி தலைவருக்கு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் ஊதியம், உறுப்பினர்களுக்கு உச்ச நீதிமன்ற நீதிபதியின் ஊதியம். முறையே மாதம் 2,80,000 ரூபாயும் 2,50,000 ரூபாயும் அடிப்படை. அதிகபட்சம் எட்டு உறுப்பினர்கள். எல்லா இடமும் நிரம்பினால் மாதம் 22.8 லட்சம், ஆண்டுக்குச் சுமார் 2.74 கோடி, படிகள் தனி. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குபவராக இருந்தால் அந்தத் தொகையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். லோக்பால் கணக்கில் செலவு குறைவாகத் தெரியும், ஆனால் ஓய்வூதியத்தை அரசு வேறொரு தலைப்பில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

100 கோடி என்ற ஆண்டு மதிப்பீட்டில் மேலே இருக்கும் ஒன்பது பேரின் அடிப்படை ஊதியம் மூன்று கோடியைக்கூடத் தொடவில்லை, பாருங்கள். ‘தலைவருக்கு இவ்வளவு சம்பளமா’ என்று கோபப்படுவதில் நேரம் போகும். பணம் போவது கீழே உள்ள வரிசையில்.

அந்த வரிசையைத் தமிழ்நாட்டு ஊதிய விகிதத்தில் போட்டுப் பார்ப்போம். கற்பனையாக ஒரு சின்ன ஆணையம்: துணை ஆட்சியர் நிலையில் ஒரு செயலர், இளநிலை உதவியாளர் பத்துப் பேர், ஓட்டுநர் இருவர், அலுவலக உதவியாளர் மூவர். தொடக்க அடிப்படை ஊதியம் செயலருக்கு 56,100, இளநிலை உதவியாளருக்கும் ஓட்டுநருக்கும் 19,500, அலுவலக உதவியாளருக்கு 15,700. அகவிலைப்படி 2025 ஜனவரி நிலவரப்படி 55 விழுக்காடு என்று வையுங்கள்.

இளநிலை உதவியாளர் ஒருவருக்கு 19,500-உடன் 10,725 சேர்ந்து மாதம் 30,225, ஆண்டுக்கு 3,62,700. ஓட்டுநர் இருவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு 43,52,400. அலுவலக உதவியாளர் மூவருக்கு 8,76,060. செயலருக்கு 10,43,460. மொத்தம் 62,71,920, அதாவது ஏறக்குறைய 63 லட்சம்.

இங்கேதான் பலரும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். முதலாவது, இது தொடக்க நிலை ஊதியம். புதிய அலுவலகத்துக்குப் புதிதாக ஆள் எடுத்து அனுப்ப மாட்டார்கள், பத்துப் பதினைந்து வருடம் அனுபவம் உள்ளவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள். ஊதிய நிலையின் நடுப்பகுதியை எடுத்துக் கணக்கிடுவதுதான் நியாயம். இரண்டாவது, வீட்டு வாடகைப்படி, மருத்துவம், ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு, ஓய்வூதியப் பங்களிப்பு எதுவும் இதில் வரவில்லை. மத்திய அரசில் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு அரசின் பங்கே அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 விழுக்காடு. எல்லாம் சேர்த்தால் 63 லட்சம் ஒரு கோடிக்குப் பக்கத்தில் போய் நிற்கும் என்பது என் கணிப்பு. மூன்றாவது, ஆண்டு ஊதிய உயர்வு 3 விழுக்காடு, அதன் மேல் அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறும். ஆள் ஒருவரைக்கூடக் கூட்டாமலே சம்பளச் செலவு வருடா வருடம் வளரும்.

படி 4: இடம்

புதிய அமைப்பு எங்கே உட்காரும்? கேட்கச் சின்னதாகத் தோன்றும் கேள்வி.

லோக்பாலின் முதல் தலைவர் நீதிபதி பினாகி சந்திர கோஷ் 2019 மார்ச்சில் பதவியேற்றார். சொந்த அலுவலகம் இல்லை. புதுடெல்லி அசோகா ஓட்டலில் தற்காலிகமாக இடம் எடுத்தார்கள். மாத வாடகை சுமார் 50 லட்சம் ரூபாய். 2019 அக்டோபர் இறுதிவரை 3.85 கோடி ரூபாய் வாடகையாகக் கொடுக்கப்பட்டது என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளிவந்தது.

முந்தைய படியில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். தலைவரும் எட்டு உறுப்பினர்களும் சேர்ந்து வாங்கக்கூடிய மாத அடிப்படை ஊதியம் 22.8 லட்சம். அறைகளுக்கு 50 லட்சம்!

ஓட்டலை விட்டுத் தள்ளுங்கள், சாதாரண அலுவலகமாக இருந்தாலும் இந்தச் செலவை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடைக்கால வாடகை, உள்வேலை, பிறகு சொந்தக் கட்டடம். இதில் அடிக்கடி வீணாவது நடுவில் உள்ளது. வாடகைக் கட்டடத்தில் தடுப்புச் சுவர், குளிர்சாதனம், மின்வயரிங் எல்லாம் செய்துவிட்டு, இரண்டு வருடத்தில் சொந்தக் கட்டடத்துக்குப் போனால் அவ்வளவும் அங்கேயே நின்றுவிடும்.

அரசுக் கட்டடத்தில் இலவசமாக இடம் கொடுத்தால்? வாடகை பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அதே பகுதியில் அதே பரப்புக்குப் பொதுப்பணித் துறை நிர்ணயிக்கும் நியாய வாடகை எவ்வளவு என்று பார்த்து, அதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அந்த இடத்தில் இருந்த பழைய அலுவலகம் வெளியே வாடகைக்குப் போயிருந்தால் அது கற்பனைச் செலவும் இல்லை.

படி 5: ஒருமுறைச் செலவு

மேசை, நாற்காலி, கணினி, நகலெடுக்கும் இயந்திரம், வாகனம், இணையதளம். அரசாணையிலேயே தொகை இருக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மென்பொருளுக்கு மட்டும் ‘ஆண்டுப் பராமரிப்பு’ என்ற வரி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும்போது ஒருமுறைச் செலவாகத் தெரிந்தது அங்கே தொடர் செலவாக மாறியிருக்கும். வாகனத்துக்கும் அப்படித்தான்: எரிபொருள், ஓட்டுநர், காப்பீடு.

படி 6: வேறு கணக்கில் ஒளிந்திருப்பது

முன்பு சொன்ன அந்த வாரியத்துக்கு நான் மாற்றுப்பணியில்தான் (பதவி பழைய அலுவலகத்தில், வேலை இங்கே) போனேன். முதல் சில மாதங்கள் எங்களுக்கு ரப்பர் முத்திரைகூட இல்லை. கருவூலத்திலிருந்து சம்பளம் எடுக்கத் தேவையான ‘பணம் பெற்று வழங்கும் அலுவலர்’ குறியீடு எங்களுக்கென்று வராததால் எல்லோருக்கும் பழைய அலுவலகத்திலேயே சம்பளப் பட்டியல் போட்டார்கள். ஆண்டு முடிவில் வாரியத்தின் கணக்கைப் பார்த்தால் முதல் ஆண்டுச் செலவு ஆச்சரியப்படும்படி குறைவு. சிக்கனம் என்று மேலே பாராட்டும் வந்தது! நாங்கள் விட்டுவந்த இருக்கைகளில் கோப்புகள் தேங்கியதை யாரும் செலவாக எழுதவில்லை.

ஆகவே அயற்பணி, மாற்றுப்பணி, கூடுதல் பொறுப்பு என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம் என்று கேட்டு அவர்கள் ஊதியத்தைப் புதிய அமைப்பின் பக்கம் எழுதுங்கள்.

இருக்கிற அமைப்பைப் பிரித்தோ இணைத்தோ புதியது உருவானால் இந்த ஒளிந்த செலவு இன்னும் பெரிது. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பர் 1-ல் கம்பெனிகளாகப் பிரிந்தது. 2024-ல் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மறுபடி பிரித்தார்கள். பிரிப்பது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். செலவுக் கண்ணோட்டத்தில், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி இயக்குநர் குழு, தனி ஆண்டறிக்கை, தனித் தணிக்கை வேண்டும். ஊழியர்களையும் ஓய்வூதியப் பொறுப்பையும் சொத்தையும் கடனையும் பங்கிட வேண்டும்.

பிரிட்டனில் இதை ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2010-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2005 மே முதல் 2009 ஜூன் வரை மத்திய அரசில் 90-க்கும் மேற்பட்ட மறுசீரமைப்புகள் நடந்தன. அதில் 51-ஐ மட்டும் கணக்கிட்டதில் 78 கோடி பவுண்டு, சராசரியாக ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைக் கோடி பவுண்டு. அந்தச் செலவில் சுமார் 85 விழுக்காடு அமைச்சகங்களுக்கு ஆனது இல்லை, அவற்றுக்கு வெளியே இயங்கும் அமைப்புகளை உருவாக்கவும் மாற்றியமைக்கவும் ஆனது. கண்டுபிடிப்பு, பல்கலைக்கழகங்கள், திறன்களுக்கென்று அங்கே 2007 ஜூனில் ஒரு துறை தொடங்கினார்கள். 2009 ஜூனில் அதை வேறொன்றோடு இணைத்துவிட்டார்கள். பெயர்ப்பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் என்பார்களே, அந்த மாதிரி.

படி 7: காலத்தைக் கணக்கில் சேருங்கள்

லோக்பால், லோக் ஆயுக்தா சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தலைவர் வந்தது 2019 மார்ச்சில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வணிகப் போட்டி ஆணையத்துக்கான சட்டம் 2002-ம் ஆண்டுச் சட்டம், ஆணையம் நிறுவப்பட்டது 2003 அக்டோபரில். வழக்கும் திருத்தமும் முடிந்து விசாரணை அதிகாரம் கையில் வந்ததோ 2009 மே மாதம். மத்திய அமைச்சரவை 2020 ஆகஸ்ட்டில் தேசியப் பணியாளர் தேர்வு முகமைக்கு மூன்று ஆண்டுக்கு 1,517.57 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அந்த முகமை அடுத்த ஆண்டே தொடங்கும் என்று சொல்லப்பட்ட பொதுத் தகுதித் தேர்வு அந்த ஆண்டு நடக்கவில்லை.

அதனால் ஒப்புதல் தொகையை ஒருபோதும் செலவுத் தொகையாக எழுதாதீர்கள். பட்ஜெட் புத்தகத்தில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு. மூன்றாவதுதான் நடந்தது. 2019-20-ல் லோக்பாலுக்கு அலுவலகம் அமைக்கவும் கட்டுமானத்துக்கும் சேர்த்து சுமார் 101 கோடி ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் அது சுமார் 18 கோடியாக இறங்கியது. அடுத்த ஆண்டுக்கு மறுபடி 74.7 கோடி. மூன்று எண்ணில் எதை எடுத்தாலும் ஒரு தலைப்புச் செய்தி எழுதலாம், மூன்றும் வெவ்வேறு கதை சொல்லும். படி 2-ல் எழுதிவைத்த 50, 100, 400-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாநில பட்ஜெட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும். ஆண்டு நடுவில் தொடங்கும் புதிய அமைப்புக்குத் துணை மதிப்பீடுகளில் (பட்ஜெட்டுக்குப் பிறகு கூடுதலாகக் கேட்கும் ஒதுக்கீடு) அடையாளத் தொகையாக ஆயிரம் ரூபாய் மட்டும் கேட்பது உண்டு. சட்டப்பேரவையின் அனுமதிக்காகப் போடும் தொகை அது. உண்மையான பணம் அதே துறையின் வேறு தலைப்பில் மிச்சமானதிலிருந்து மாறிவரும். ஆயிரம் ரூபாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள், அடுத்த வருடப் புத்தகத்தில் அந்தத் தலைப்பைத் தேடுங்கள்.

தன்னாட்சி அமைப்பாக இருந்தால் மத்திய பட்ஜெட்டில் மானியம் மூன்றாகப் பிரிந்து வரும்: பொதுச் செலவுக்கு, மூலதனச் சொத்து உருவாக்க, சம்பளத்துக்கு. சம்பள மானியம் மொத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தாலே அமைப்பு வேலை செய்கிறதா, வெறும் அலுவலகமாக இருக்கிறதா என்று ஓரளவு பிடிபடும்.

படி 8: கிடைக்காததைக் கேட்டு வாங்குங்கள்

முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவுப்படி ஒவ்வொரு பொது அமைப்பும் தன் அலுவலர்களின் மாத ஊதியத்தையும் ஒதுக்கப்பட்ட நிதியையும் தானாகவே வெளியிட வேண்டும். பல இணையதளங்களில் அது பழைய வருடத்தோடு நின்றிருக்கும், இருந்தாலும் தொடக்கத்துக்கு உதவும். தமிழ்நாட்டில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

மிச்சத்துக்கு மனு. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ‘மொத்தச் செலவு எவ்வளவு’ என்று கேட்காதீர்கள், ஒரு வரியில் ஒரு எண் வரும், எதுவும் புரியாது. இப்படிக் கேளுங்கள்: ஒப்பளிக்கப்பட்ட (அரசு அனுமதித்த) பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, பதவி வாரியாக. அயற்பணியிலும் மாற்றுப்பணியிலும் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்பில். கட்டடத்தின் பரப்பு, மாத வாடகை, ஒப்பந்தத் தேதி. வெளிமுகமைக்கு ஆண்டு வாரியாகக் கொடுத்த தொகை. அப்புறம், இந்த அமைப்பு வந்ததால் எந்தப் பழைய அமைப்பிலாவது பணியிடங்கள் ஒப்படைக்கப்பட்டனவா (அதாவது ரத்தாகினவா), ஆம் எனில் அரசாணை எண். கடைசிக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் ‘இல்லை’ என்பதே அதிகம்.

படி 9: ஐந்தாண்டுத் தாள்

ஒரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள், ஆண்டுக்கு ஒன்று. வரிசைகளில் சம்பளம், இடம், ஒருமுறைச் செலவு, அலுவலகச் செலவு, பிற துறைகள் சுமந்த செலவு. கீழே கழிக்க வேண்டியவை: கட்டண வருவாய், மூடப்பட்ட அமைப்பின் மிச்சம். உண்மையில் மூடப்பட்டிருந்தால் மட்டும் கழியுங்கள். 2017-ல் வணிகப் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைத் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தோடு இணைத்தார்கள். அந்த மாதிரி ஒரு அமைப்பு நிஜமாகவே போயிருந்தால் கழிக்க நியாயம் உண்டு.

முதல் ஆண்டுப் பத்தி எப்போதும் பொய் சொல்லும். ஆள் வந்திருக்க மாட்டார்கள், வந்தவர்கள் சம்பளம் வேறிடத்தில் இருக்கும். இரண்டாம் ஆண்டில் ஒருமுறைச் செலவு குவியும். மூன்றாம் ஆண்டில்தான் அமைப்பின் சொந்த எடை தெரிய ஆரம்பிக்கும், அந்த எண்ணை எடுத்துப் பேசுங்கள். அதைக் கையாண்ட மனுக்கள், நடத்திய விசாரணைகள், வழங்கிய உரிமங்கள் என எது அதன் வேலையோ அதன் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். ஆனால் ஊழல் தடுப்பு, மனித உரிமை போன்ற அமைப்புகளில் இந்த வகுத்தல் ஏமாற்றும். ஒரு மனுவுக்கு இத்தனை லட்சமா என்று கேட்பதற்கு முன்னால், நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை என்ற வரியைப் பாருங்கள். ஒப்பளித்ததில் பாதி காலியாக இருக்கும் அமைப்புக்கு வாடகை முழுசாகத்தான் ஓடும்.